ரசீது எண் 118

மாணிக்கவாசகம் வீட்டு சி.டி. பிளேயர் பதினோராவது நிமிடத்தில் நின்றுவிடும். எந்த சி.டி.யைப் போட்டாலும் அப்படித்தான். நாதஸ்வரம் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நாலைந்து தடவை விக்கும். அதன்பின் சத்தம் இருக்காது. உள்ளே வட்டு சுற்றிக்கொண்டிருப்பது மட்டும் சிறிய கண்ணாடி வழியாகத் தெரியும்.

அந்த அமைதிதான் அவருக்கு ஆகவில்லை. மனைவி வடிவு அடுப்படியிலிருந்து வந்து பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு அடி வைப்பாள். அதற்குள் அவர் கண் மேலே போயிருக்கும். அடுப்படி வாசலுக்கு மேலே பரண். அதற்கு நீலப்பூ போட்ட திரை. தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த முதல் வாரத்தில் அவரே துணி வாங்கித் தைக்கக் கொடுத்து மாட்டியது. பரணுக்கு யார் திரை போடுவார்கள் என்று வடிவு கேட்டாள். தூசி என்றார்.

அது 2001. அவருக்கு ஐம்பத்தாறு வயது. திருநெல்வேலியிலிருந்து இருபத்து நான்கு வயதில் தில்லிக்கு வந்தவர். ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. நாற்காலி, மேசை, தட்டச்சு இயந்திரம் எது வெளியே போனாலும் அவரிடம் சீட்டைக் காட்டிவிட்டுத்தான் போகும். சீட்டில்லாமல் ஒரு குண்டூசிப் பெட்டிகூடத் தரமாட்டார் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். கிண்டலாகத்தான் சொன்னார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தார்.

பிளேயர் மகள் மதுமதி வாங்கியது. குர்காவ்னில் வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் அம்மாவுக்கென்று வாங்கினாள். அதனால் தூக்கிப் போடவும் முடியாது.

குவார்ட்டர்ஸ் மார்க்கெட்டில் இருந்த ரிப்பேர்க்காரன் லென்ஸைத் துடைத்தேன் என்று சொல்லிக் கொடுத்தான். இரண்டு நாள் ஓடியது. அடுத்தவனிடம் கொடுப்பதற்கு முன் மாணிக்கவாசகம் பெட்டியைத் தானே திறந்து, மதுமதியின் நகச்சாயத்தால் லென்ஸ் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். திரும்பி வந்தபோது புள்ளி இல்லை. லென்ஸே வேறு. மூன்றாமவன் வேலை செய்து கொடுத்த பெட்டியைக் குலுக்கினால் உள்ளே ஒரு திருகாணி உருண்டது.

"ஆபீஸ்ல குண்டூசிக்குக் கணக்கு கேக்கிய. இங்க ஒருத்தன் லென்ஸையே உருவிட்டான்," என்றாள் வடிவு.

பெட்டி நின்றிருந்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரைக்குப் பின்னால் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது. பதினேழு வருடமாக அதை யாரும் அவிழ்க்கவில்லை. ரிப்பேராகாத செட் என்று வடிவு நினைத்திருந்தாள். அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

எண்பத்து நான்கு அக்டோபரில் அந்த செட்டின் டேப் இழுக்க ஆரம்பித்தது. அப்போது வேறு குவார்ட்டர்ஸ். பக்கத்து மார்க்கெட்டில் ஒரு சர்தார்ஜி கடை வைத்திருந்தார். கண்முன்னால் திறந்து காட்டுவார். கழற்றிய பழைய பாகத்தைத் தாளில் மடித்துத் திருப்பித் தருவார். ரசீதில் எண் 118, டெலிவரி 1-11, வியாழன் என்று எழுதிக் கொடுத்தார்.

புதன்கிழமை பிரதமரை அவருடைய சீக்கியக் காவலர்கள் சுட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை காலையில் அலுவலகம் இல்லை. தூரத்தில் இரண்டு மூன்று இடங்களில் புகை தெரிந்தது. வடிவு போகவேண்டாம் என்றாள். ரசீதில் வியாழக்கிழமை என்று போட்டிருந்தது. அவர் வியாழக்கிழமை போனார்.

கடையின் ஷட்டரை நெம்பி வளைத்திருந்தார்கள். உள்ளே ஏழெட்டுப் பேர். அவர் எதிர்பார்த்த கூச்சல் இல்லை. சாமான் வாங்க வந்தவர்கள் போலத்தான் இருந்தார்கள். இதற்கு வயர் எங்கே என்று ஒருவன் இன்னொருவனைக் கேட்டுக்கொண்டிருந்தான். சர்தார்ஜியைக் காணோம். மாணிக்கவாசகம் உள்ளே போய்ச் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்தான். பாபுஜி ரசீதோடு வந்திருக்கிறார், வழி விடுங்கள் என்றான். எல்லோரும் சிரித்தபடி விலகினார்கள். இரண்டாவது தட்டில் 118 என்று அட்டை கட்டிய செட்டை அவனே எடுத்துக் கொடுத்தான். அவர் நன்றி சொன்னார்.

திரும்பும்போது மேலே பார்த்தார். கடையின் பின்பக்கம் மரப்பரண். அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு கால். வெறுங்கால். பெருவிரலில் கறுப்பு நூல் கட்டியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே போய்விட்டது.

ஒரு வரி வாசிக்கும் நேரம் நின்றிருப்பார். பிறகு படியிறங்கினார். எதிரே ஒருவன் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவர் ஓடவில்லை. செட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வழக்கமாக நடப்பது போல நடந்து வீட்டுக்குப் போனார். அந்த வரிசையில் சில கடைகள் எரிந்துபோனதாக மறுநாள் பேசிக்கொண்டார்கள். எந்தெந்தக் கடை என்று அவர் கேட்கவில்லை.

அதன்பின் அந்த மார்க்கெட் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறியதில்லை. மறு வருடம் குவார்ட்டர்ஸ் மாற்றிக்கொண்டார். தான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டார். அது உண்மை. அந்த மனிதர் பின்பக்கமாகத் தப்பியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டார். அது அவருக்குத் தெரியாது. ஊருக்குப் போகும் ரயிலில் மேல் பெர்த்தில் உட்கார்ந்து மதுமதி காலைத் தொங்கப்போட்டால், "காலை மேல எடு" என்பார். இரண்டு ராத்திரிப் பயணத்தில் பத்துத் தடவையாவது சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் குரலில் சொல்வார். அவள் பெரியவளானதும் மேல் பெர்த்தே கேட்பதில்லை.

சி.டி. பிளேயர் கதையைக் கேட்டுவிட்டு, சர்தார்ஜி ஒருவரின் பேச்சை எடுத்தது சுந்தரேஷ். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். கும்பகோணம்.

"டெல்லில நம்பிக் குடுக்கலாம்னா ஒரே ஒருத்தர்தான் சார். கரோல் பாக்ல. மத்தவன்கிட்ட குடுத்தேள்னா சி.டி. பிளேயர் உள்ள போகும், இஸ்திரிப் பெட்டி வெளிய வரும். இவர் நம்ம கண்ணெதிர திறப்பார். பழைய பார்ட்டைப் பொட்டலம் கட்டிக் கையில குடுத்துடுவார்."

மாணிக்கவாசகம் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"இன்னொண்ணு கேளுங்கோ. எண்பத்து நாலுல கடை போயிடுத்து. ஆனா அன்னிக்கு ரிப்பேருக்குக் கொடுத்திருந்தவா யார் ரசீதோட வந்தாலும் ஒரு செட் எடுத்துக் குடுக்கறார். இன்னிக்குப் போனாலும் குடுப்பார். பைத்தியக்கார மனுஷன்."

சர்தார்ஜிக்கு என்ன வயதிருக்கும் என்று கேட்டார். சுந்தரேஷுக்குத் தெரியவில்லை. தாடி இருந்தால் வயது எப்படித் தெரியும் என்றார்.

அன்று மாலை மாணிக்கவாசகம் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தார். வடிவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தார். நாதஸ்வரம் போடச் சொன்னார். பதினோராவது நிமிடத்தில் பெட்டி நின்றபோது மேலே பார்க்காமல் சிரித்தார். உயிரோடு இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டார். எப்படியோ வெளியே வந்துவிட்டார். கரோல் பாகில் கடை வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை கிளம்பினார். பையில் சி.டி. பிளேயர். சட்டைப் பையில் ரசீது. பதினேழு வருடமும் அது அவருடைய சர்வீஸ் பேப்பர்களோடு ஒரு கோப்பில் இருந்தது. பொருளைக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டிய சீட்டு. வாங்கிக்கொள்ள அன்று ஆள் இல்லை. இன்று கொடுத்துவிடலாம். ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தால் போதும். அவ்வளவுதான் நினைத்தார்.

கடை ஒரு சந்தில், முதல் மாடியில் இருந்தது. குறுகலான படி. உள்ளே போனதும் அவர் முதலில் மேலேதான் பார்த்தார். பரண் இல்லை. வெள்ளையடித்த வெறும் கூரை. செட்டுகளெல்லாம் தரையிலும் சுவரோரமும் இருந்தன. மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அவர் இல்லை. சாயல் இருந்தது. ஆனால் அவர் இல்லை.

மாணிக்கவாசகம் பிளேயரை மேசைமேல் வைத்தார். கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டினார். லென்ஸ் பழையது, யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றார். உருண்டுகொண்டிருந்த திருகாணியைக் காந்தத்தால் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பெயர் குர்தீப் சிங். பெயர் கேட்டது மாணிக்கவாசகம்தான். முன்பு அந்த மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர் எங்கே என்று அதற்குப் பிறகு கேட்டார்.

குர்தீப் சிங் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அண்ணன். கிர்பால் சிங். உங்களுக்குத் தெரியுமா?"

மாணிக்கவாசகம் ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார். வாயால் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

குர்தீப் சிங் அதைத் தொடாமல் எண்ணை வாசித்தார். எழுந்துபோய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ரசீதுப் புத்தகம் கொண்டுவந்தார். அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன. அண்ணன் தினமும் ராத்திரி அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார், அதனால் தப்பியது என்றார். அன்று கடையில் இருபத்து மூன்று செட்டுகள் இருந்தன. இருபத்து இரண்டு பேர் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். ஒருவர் பதினைந்து வருடம் கழித்து வந்தார். வராதது 118 மட்டும்தான்.

பிறகு சுவரோரம் குனிந்து, பாலிதீன் சுற்றிய ஒரு டூ-இன்-ஒன்னைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தார். பழையதுதான், ஆனால் நன்றாக வேலை செய்யும் என்றார். தாமதத்துக்கு மன்னிக்கச் சொன்னார்.

மாணிக்கவாசகம் அந்த செட்டைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் ஸ்டோர்ஸில் இருந்தவர். ஒரு சீட்டுக்கு இரண்டு தடவை பொருள் வாங்கியவர்களை அவர் எழுதிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். எடுத்துக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

"எல்லாரிடமும் ஒன்று கேட்பேன் பாபுஜி," என்றார் குர்தீப் சிங். "நான் அப்போது லூதியானாவில் இருந்தேன். அண்ணன் காலையில் வீட்டை விட்டுப் போனார். கடையைப் பார்க்கப் போனாரா, வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டதா, தெரியாது. எதுவும் கிடைக்கவில்லை. அம்மா சாகும்வரை கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. அன்று அந்தப் பக்கம் போனீர்களா? யாராவது பார்த்ததாகச் சொன்னார்களா?"

"மற்றவர்கள் என்ன சொன்னார்கள்?"

"வீட்டில் இருந்தோம் என்றார்கள். இருபத்து இரண்டு பேரும். அன்றைக்கு தில்லி முழுக்க வீட்டில்தான் இருந்திருக்கிறது."

அவர் சிரிக்கவில்லை. மாணிக்கவாசகத்துக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதர் செட்டுகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. ஆட்களை வரவழைத்துக்கொண்டிருந்தார்.

செட்டை அவர் மெதுவாகக் குர்தீப் சிங் பக்கமாகத் தள்ளினார்.

"இது எனக்கு வராது. என் செட்டை அன்றைக்கே வாங்கிக்கொண்டுவிட்டேன்."

அதன்பின் அவருடைய ஹிந்தி சரியாக வரவில்லை. அலுவலக ஹிந்தி அது. பொருள், தேதி, அளவு இவற்றுக்கான ஹிந்தி. ஷட்டர், ரசீது, இரண்டாவது தட்டு எல்லாம் சொல்ல முடிந்தது. பரண் என்பதற்கு ஹிந்தியில் என்ன என்று தெரியாமல் கையை மேலே காட்டினார். வெறும் கூரையைக் காட்டினார். அங்கே ஒரு கால் என்றார்.

குர்தீப் சிங் கூரையைப் பார்த்தார்.

"பெருவிரலில் கறுப்பு நூல்," என்றார் மாணிக்கவாசகம்.

அண்ணனுக்கு அடிக்கடி வயிறு புரளும், அதற்குக் கைவைத்தியமாக அம்மா கட்டிவிட்ட நூல் அது என்றார் குர்தீப் சிங். இரண்டு காலிலும் கட்டுவாள் என்றார். ரசீதை எடுத்து, மேசையோரம் நின்ற கம்பியில் மற்ற ரசீதுகளுக்கு மேலே குத்தினார். சி.டி. பிளேயரை மூடினார். புது ரசீதில் பெயர், சாமான், அடுத்த சனிக்கிழமையின் தேதி எழுதினார். ஒரு தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

"அந்த செட் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"கொண்டுவாருங்கள்."

மறு சனிக்கிழமை காலையில் மாணிக்கவாசகம் ஸ்டூல் போட்டு ஏறித் திரையை விலக்கினார். வடிவு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு இப்போது அதை எடுக்கிறார் என்று கேட்டாள். அவர் மேலே நின்றபடியே சொன்னார். முழுவதையும் சொன்னார். கீழே பார்க்காமல் சொல்ல அந்த இடம் வசதியாக இருந்தது. சொல்லி முடித்ததும் அவள் செட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நான் அன்னைக்குப் பூராவும் செட்டு கெடைச்சிட்டுன்னு சந்தோசமா இருந்தேன்," என்றாள். ஸ்டூலை விட்டுவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

கடையில் குர்தீப் சிங் விரிப்பை அவிழ்த்தார். 118 என்ற அட்டை இன்னும் கைப்பிடியில் தொங்கியது. அதன் பின்பக்கம் பென்சிலில் ஓ.கே. என்று எழுதி, 31-10 என்று தேதி போட்டிருந்தது. பேட்டரி போடும் இடத்தைத் திறந்தார். உள்ளே மடித்த தாள் ஒன்று. தாளுக்குள் அறுந்த ரப்பர் பெல்ட். கழற்றிய பாகத்தை அண்ணன் அங்கே வைப்பதுதான் வழக்கம். குர்தீப் சிங் வயரைச் செருகினார். ரேடியோ பாடியது. ஒரு பெண் வானிலை வாசித்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் ஒரு துளி இல்லை. பதினேழு வருடம் தன் தலைக்கு மேலே அது நல்ல நிலையில் இருந்திருக்கிறது என்று மாணிக்கவாசகம் நினைத்தார்.

செட்டை அவர் அங்கேயே விட்டுவிட்டார். சி.டி. பிளேயர் தயாராக இருந்தது. பழைய லென்ஸ் பொட்டலமாக அதன்மேல் இருந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உட்காருங்கள் பாபுஜி," என்றார் குர்தீப் சிங். "மறுபடி ஒரு தடவை சொல்லுங்கள்."

சொன்னார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமையும் போனார். யாரும் கூப்பிடவில்லை. ஆனால் குர்தீப் சிங் இன்னொரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். வேலை செய்துகொண்டே கேட்பார். உள்ளே எத்தனை பேர். சிரித்தவன் எந்தப் பக்கம் நின்றான். டின் கொண்டுவந்தவன் ஏறும்போது நீங்கள் எத்தனையாவது படியில் இருந்தீர்கள். மாணிக்கவாசகம் ஸ்டோர்ஸில் பதில் சொல்வது போலச் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். வாடிக்கையாளர் வந்தால் நிறுத்திவிட்டு, அவர் போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். திட்டவோ மன்னிக்கவோ குர்தீப் சிங் ஒருநாளும் முற்படவில்லை. தேநீர் வரவழைப்பார்.

மதுமதிக்கு இது புரியவில்லை. பாதி ஹிந்தியில் கேட்டாள். "சி.டி. பிளேயர் டீக்கா ரிப்பேர் ஆயிடுச்சு இல்லப்பா? அப்புறம் ஏன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்க போறீங்க? அந்த அங்கிள் என்ன, உங்க தோஸ்த்தா?"

இல்லை என்றார்.

2005இல் ஓய்வுபெற்றார். ஊரில் தம்பி வீடு பார்த்து வைத்திருந்தான். வடிவு மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தாள். அவர் கரோல் பாகில் ஒரு அறையும் சமையலறையும் வாடகைக்குப் பிடித்துவிட்டு வந்து சொன்னார். அவள் சண்டை போடவில்லை. புது வீட்டில் பரண் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றார். நீலத் திரையைத் துவைத்து மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

பிளேயர் இப்போது நிற்பதில்லை. ஒரு மணி நேரம் முழுவதும் ஓடும். பதினோராவது நிமிடம் வரும்போது அவர் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார். அது தாண்டிப் போய்விடும்.

அந்த வருடம் டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. நல்ல பனி. குர்தீப் சிங் ஹீட்டரை இருவருக்கும் நடுவே இழுத்து வைத்தார். நாலு வருடமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"கால் உள்ளே போய்விட்டது என்கிறீர்கள். உங்களைப் பார்த்து பயந்து இழுத்துக்கொண்டாரா? இல்லை, தெரிந்த வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்று இறங்குவதற்காக நீட்டியிருந்து, நீங்கள் பேசாமல் நின்றதைப் பார்த்துப் பின்வாங்கினாரா?"

மாணிக்கவாசகம் வாயைத் திறந்தார். இத்தனை வருடமும் அவர் கண்ணுக்குள் அந்தக் கால் போவது மட்டும்தான் இருந்தது. அதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று பார்த்தார். பெட்டிகளுக்கு நடுவே இருந்தது. விரல்கள் கீழ்நோக்கி இருந்தன. ஏணி எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்தார்.

குர்தீப் சிங் திருப்புளியை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"முதலில் இருந்து சொல்கிறேன்," என்றார் மாணிக்கவாசகம். "ரசீதில் வியாழக்கிழமை என்று போட்டிருந்தது."